எக்பிளாட் அம்மாள் போட்ட கறி

ஹுல்டா எக்பிளாட் ஸ்வீடனிலிருந்து அமெரிக்காவின் மினசோட்டாவுக்குப் பிழைக்க வந்தவள். கதிரடிக்கும் இயந்திரத்தில் சிக்கிப் புருஷன் செத்த பிறகு, வீட்டிலேயே சாப்பாடு போட்டுக் காலம் தள்ளினாள். 1907-இல் எங்கள் கல்லூரிக் கால்பந்து அணிக்கு மூன்று வேளையும் சமைக்கும் பொறுப்பு அவளிடம் வந்தது. அணி என்பது மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை. நானும் அதில் ஒருவன்தான்.

தலைவன் ஆரின் தாக்ஸ்டர். மைதானத்துக்கு மர இருக்கைகள் போட்டுக் கொடுத்தது அவன் அப்பா. அவன் தலைவனானதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியாது. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு எதிரிக் கூட்டத்துக்குள் பாய வேண்டிய ஆட்டம் அது. தாக்ஸ்டரும் பாய்வான், பக்கவாட்டில்.

அக்டோபர் முடிவதற்குள் நான்கு ஆட்டம் தோற்றிருந்தோம். ஐந்தாவதும் தோற்ற அன்று, தாக்ஸ்டர் தட்டைத் தள்ளி வைத்தான்.

"ஏம்மா, இது கறியா, செருப்புத் தோலா? இதைத் தின்னுட்டு எவன் ஓடுவான்?"

எக்பிளாட் அம்மாள் ரொட்டி வெட்டுவதை நிறுத்தவில்லை. "மாடு ஓடுற காலத்துல நல்லாத்தான் ஓடிச்சு தம்பி. இப்போ ஓட வேண்டியது நீங்க."

ஒருவன் சிரித்தான். தாக்ஸ்டர் முறைத்ததும் அடங்கிவிட்டான். மறுநாள் கல்லூரியின் விளையாட்டு நிர்வாகக் குழு கூடி, தோல்விக்குக் காரணம் சமையலே என்று முடிவு செய்தது. கறி நன்றாகத்தான் இருந்தது என்று பதினொரு பேருக்கும் தெரியும். ஒருவனும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. எங்கள் சாப்பாடு ரயிலடி ஹோட்டலுக்கு மாறியது. வெள்ளை மேசைவிரிப்பு, மூன்று வகை இனிப்பு. அடுத்த ஆட்டத்தில் மூச்சு வாங்கி நின்றே தோற்றோம்.

நவம்பரில் கடைசி ஆட்டம். எதிரணி விவசாயக் கல்லூரிப் பையன்கள் பனியில் ரயிலிறங்கி வந்தார்கள். ஹோட்டலில் எங்களுக்கே இடம் போதவில்லை என்று அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். யாரோ எக்பிளாட் அம்மாள் வீட்டைக் கைகாட்ட, அவள் காலியாகக் கிடந்த நாற்காலிகளில் அவர்களை உட்கார வைத்து, கறியும் உருளைக்கிழங்கும் ரை தானிய ரொட்டியும் போட்டாள். அவர்கள் போய் எங்களை நாற்பத்தொன்றுக்குப் பூஜ்யம் என்று மிதித்தார்கள்.

தாக்ஸ்டர் சும்மா இருந்தானா? நேரே அவள் வாசலுக்குப் போனான். ஒரு கூட்டமும் பின்னால் போனது. வெட்கமில்லாமல் நானும்.

"அவனுங்களுக்கு மட்டும் நல்ல கறி போட்டிருக்கீங்க."

"அதே கசாப்புக்கடை, அதே விலாக்கறி. அவங்க பேசாம தின்னாங்க, அவ்வளவுதான்," என்றாள். "கதவைச் சாத்தணும், குளிர் வருது. நகருங்க."

அந்த வருஷக் கல்லூரி மலரில், காயங்களால் வெற்றி நழுவியது என்று அச்சிட்டார்கள். காயம் என்றால் எனக்கு ஒரு பல், இன்னொருவனுக்குச் சுளுக்கு.

அடுத்த ஆகஸ்டில் விளையாட்டுக் குழுத் தலைவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி அவளிடம் போய், திரும்பவும் சமைக்கக் கேட்டார். "தண்டவாளம் போடுற ஆளுங்க பதினாலு பேர் வர்றாங்க. வேலை செய்யறவங்க பசிக்கே எனக்கு நேரம் பத்தல," என்று அனுப்பிவிட்டாள். இருபது வருஷம் அந்த ஆட்களுக்கே சமைத்தாள். ஒரு மாணவனையும் வாசற்படி ஏற விடவில்லை. தாக்ஸ்டர் இப்போது காப்பீடு விற்கிறான். பழைய மாணவர் விருந்துகளில் தலைவன் என்ற முறையில் முதலில் பேசுவதும் அவனே. நாங்கள் கை தட்டுகிறோம்.