கரும்பு வரிசையில் ராக் பாட்டு

இன்று மாலை பெரம்பலூர் வீட்டில் டிவியைப் போட்டேன். எனக்குப் பிடித்த பழைய ஹார்டு ராக் குழுவின் மேடைக் கச்சேரி வீடியோ வெளியாகியிருந்தது. எல்லோருக்கும் தலை நரைத்துவிட்டது. ஆனால் டிரம்ஸில் முதல் அடி விழுந்ததுமே எனக்குப் புளித்த கரும்புச் சாற்றின் வாசனை வந்துவிட்டது.

நான் பள்ளியில் படித்த காலம். எறையூர் சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு டிராக்டர்கள் நெடுநேரம் வரிசையில் நிற்கும். அப்பா ஸ்டியரிங் மேல் துண்டைப் போட்டுத் தலைசாய்த்துவிடுவார். தூங்குகிறவரை எழுப்பாமல் முந்திப் போவது அங்கே வழக்கம். முறை போனால் கரும்பு காய்ந்து எடை குறையும். முந்தைய நடையில் எங்களுக்கு அப்படித்தான் ஆனது. இந்த முறை விடக் கூடாதென்று, அக்கா கல்லூரி விடுதியிலிருந்து கொண்டுவந்திருந்த இந்தக் குழுவின் கேசட்டை டிராக்டர் டேப்பில் போட்டு, சத்தத்தை முழுதாக வைத்தேன்.

அப்பா துள்ளி எழுந்தார். பின்னால் நின்ற டிராக்டரிலிருந்து செல்வம் மாமா இறங்கி ஓடிவந்தார்.

“ஏன் மச்சான், இது பாட்டா, டிரெய்லர் கழண்டுக்கிட்டு வருதா?”

“உனக்குத் தூக்கம் வருதா?” என்றார் அப்பா.

“எங்க வருது?”

“அப்ப நல்ல பாட்டுதான். ஓடட்டும்.”

கேசட் இரண்டு பக்கமும் மாறி மாறி ஓடியது. அப்பா ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். எங்களை ஒருவரும் முந்தவில்லை. வெயில் இறங்குவதற்குள் எடைமேடை ஏறிவிட்டோம்.

அரியலூரில் தம்பி வீட்டில் இருக்கும் அப்பாவுக்கு உடனே போன் செய்தேன்.

“அந்தப் பயலுவ இன்னும் பாடுறானுவளா?” என்றார். “நிறுத்தி வையி. இதோ பஸ் ஏறுறேன்.”