நண்டோட்டைத் தின்றது

"...உங்க மருந்து நண்டு ஓட்டையே தின்னுட்டுது தம்பி, வேர மட்டும் சும்மா வுட்டுருமா?"

அண்ணி பூந்தொட்டியைக் கவிழ்த்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். அவர் விரல்களில் நண்டு ஓடு நனைந்த அப்பளம் மாதிரி பிய்ந்தது.

அண்ணன் பெங்களூருக்கு பேக்கரி வேலைக்குப் போன பிறகு தக்காளிக் காடு முழுக்க அண்ணி பொறுப்புதான். வாடல் நோய் பள்ளத்துப் பக்கமிருந்து சால் சாலாக ஏறி வந்தது. காலையில் நிமிர்ந்து நின்ற செடி மதியம் துவண்டு கிடக்கும். தண்டைக் கிழித்தால் உள்ளே பழுப்புக் கோடு. கடைக்காரர் தந்த நீல மருந்து ஒன்றும் செய்யவில்லை. இன்னொரு நடவுக்குக் கிணற்றில் தண்ணீர் கிடையாது. இருக்கிற செடி போனால் அந்த வருஷமே போச்சு.

நான்தான் பாக்டீரியா பாட்டில் வாங்கி வந்தேன். கூடவே, ஒகேனக்கல் மீன் வறுவல் கடைகளில் கழித்துப்போட்ட நண்டு ஓடு ஒரு சாக்கு.

"இது அதுக்குத் தீனிங்க அண்ணி. ஓட்டத் தின்னு பெருகிட்டா, நோவுப் பூஞ்சையையும் தின்னுரும்."

"பாட்டில்ல வர்றதெல்லாம் மொதல்ல நல்லாத்தான் பேசும்" என்றார். காட்டில் ஊற்ற விடவில்லை. தொட்டியில் ஒரு நாற்று, கொஞ்சம் ஓடு, ஒரு மூடி மருந்து என்று வாசலிலேயே காவல் வைத்துவிட்டார். கோழியைக்கூடக் கிட்ட விடவில்லை.

இப்போது ஓடு இற்றுப்போயிருந்தது. நாற்றின் வேர் வெள்ளைவெளேரென்று இருந்தது. ஓடு இற்றதே எனக்குச் சாட்சி. அண்ணிக்கு அதுவே பயம்.

"நண்டு ஓடும் பூஞ்சையோட தோலும் ஒரே சரக்குங்க. சர்க்கரையச் சங்கிலியாக் கோத்தாப்பல. வேருல இருக்கறது வேற சங்கிலி, இது அத அறுக்காதுங்க."

"அது உங்களுக்குத் தெரியும். அதுக்குத் தெரியுமா?"

இந்த மாதிரிப் பேச்சுக்காகவே அவர் வீட்டுக்கு ஒருநாள் விடாமல் போகிறவன் நான். அன்று சிரிக்க விடவில்லை. எங்கள் இருவர் காட்டுக்கும் நடுவே ஒரு வரப்புதான். அதைப் பார்த்தபடியே கேட்டார்:

"சரி, உங்க காட்டுல ஊத்திட்டீங்களா?"

"என் செடிக்கு இன்னும் நோவு வரலிங்களே..."

"ஓகோ. சீக்கு வந்தவ வூட்டுலதான் ருசி பாக்கறதா?"

வெல்லத் தண்ணீரில் நான் மருந்து கலந்து வைத்திருந்த குடத்தை இடுப்பில் எடுத்தார். வரப்பைத் தாண்டி என் காட்டில் இறங்கினார். முதல் செடியின் தூரில் ஒரு சொம்பு ஊற்றிவிட்டு, தடுக்கிறேனா என்று என் முகத்தையே பார்த்தார். நான் தடுக்கவில்லை. மீதியை ஊற்ற, குடத்தோடு தன் காட்டுப் பக்கம் திரும்பி நடந்தார்.