மக்காச்சோளக் காட்டிலிருந்து நான்கு அழைப்புகள்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். போன புரட்டாசியில், கயத்தாறுக்குக் கிழக்கே ஒரு கரிசல் ஊரில், பூங்கொடிக்கு இது நடந்தது. அவள் இன்றும் அங்கேதான் இருக்கிறாள்.

அவளும் கணவன் மணிராஜும் மழையை நம்பி நாலு ஏக்கரில் மக்காச்சோளம் விதைத்திருந்தார்கள். போட்ட விதையை மயில்கள் கிளறித் தின்றன. வெள்ளிக்கிழமை காலை மணிராஜ் பூச்சிமருந்தோடு வந்தான்.

"இந்தச் சோளத்துல பெசஞ்சு குடுட்டி."

"முருகன் வாகனம்ங்க. கழுகுமலைக்கு வருசா வருசம் போயிட்டு இதைச் செய்யலாமா?"

"முருகனா வந்து உழுதான்? குடுட்டி."

பிசைந்து கொடுத்தாள்.

பதினொரு மணிக்குக் காட்டிலிருந்து போன் செய்தான். "ஒம்பது விழுந்துட்டு. ஒண்ணு சாகாம இழுத்துக்கிட்டுக் கெடந்துது. கழுத்தை மிதிச்சேன்." சிரித்தான். பூங்கொடி மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவினாள். வாடை போகவில்லை.

12.10. மறுபடியும் அவன் போன். எடுத்தாள். பேச்சே இல்லை. மயில் கத்தியது... காதை ஒட்டி.

"ஏங்க, போனை எங்கன வச்சிருக்கீங்க? மயிலுதான் கத்துது."

இன்னும் பலமாகக் கத்தியது. வைத்துவிட்டாள்.

12.14. அதே கத்தல். தொண்டை கிழிந்த மாதிரி...

"வெளையாடாதீங்க." வைத்துவிட்டாள்.

12.21. ஒரு முனகல். அப்புறம் மூச்சு... அப்புறம் ஒன்றுமில்லை.

ஓடினாள்.

வரப்பில் மல்லாந்து கிடந்தான். வாயில் நுரை. காதோடு போன்.

செத்த மயில் ஒன்றுகூட அங்கே இல்லை.

ஓர் இறகுகூட...

கோவில்பட்டி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. வயிறு நிறைய மருந்துச் சோளம் என்றார் டாக்டர். அரை மணி நேரம் முந்திக் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாராம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் மணிராஜின் தம்பி சக்திகுமார் அவள் போனைப் பார்த்தான். வந்த அழைப்பெல்லாம் தானாகப் பதிவாகியிருந்தது. 12.10 அழைப்பைப் போட்டான்.

மயில் இல்லை. மணிராஜின் குரல், தெளிவாக.

"ஏட்டி... தொண்டை எரியுது... சீக்கிரம் வா..."

அடுத்து பூங்கொடி பேசியிருக்க வேண்டும்.

அந்த இடத்தில் மயில் கத்தியது.

பிறகு அவன் அழுதுகொண்டே கேட்டான்.

"நீ எங்கன இருக்கே? மயிலுதான் கத்துது..."