மீன் மணக்கும் மறைப்புச் சீலை

எங்கள் வீட்டு அலுமாரியின் கீழ்த்தட்டில் ஒரு சீலை மடித்துக் கிடக்கிறது. விரித்தால் மதில் நீளம் வரும். மருதமுனைத் தறியில் நெய்த, ஆண்கள் இடுப்பில் உடுக்கும் சாரன் துணிகளைப் பக்கம் பக்கமாக வைத்துத் தைத்தது. ஊதாவும் பச்சையுமாகக் கட்டம் போட்டது. அதில் இடையிடையே பிறை வடிவில் வெட்டிய துவாரங்கள் உண்டு. எத்தனையோ தரம் துவைத்தாயிற்று, வெயிலில் போட்டாயிற்று, சாம்பிராணிப் புகையும் காட்டியாயிற்று. இன்னும் மீன் மணக்கிறது. என் கணவர் வருஷா வருஷம் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இத எப்ப எறியப் போறாய்?" என்று கேட்பார். எறிவதா! எங்கள் ஊரில் கடலில் நீந்தத் தெரிந்த பெண்கள் இத்தனை பேர் இருக்கிறோம் என்றால் அதற்கு இந்த நாற்றச் சீலைதான் காரணம். சீலைக்குக் காரணம் என் சாச்சி, உம்மாவின் தங்கை. பெருமை பேசுவது எங்கள் குடும்பத்து வியாதி. கேட்பவர்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஓகஸ்ட் விடுமுறையில் எங்கள் கடற்கரையைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் கடல் தன் சண்டித்தனத்தை விட்டுக் குளம்போலக் கிடக்கும். பின்னேரம் அஸர் தொழுகை முடிந்தால் ஊரே கரையில். கல்முனைப் பக்கமிருந்து ஓட்டோக்கள் குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்து இறக்கும். ஒருபக்கம் கழகங்களின் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி, ஒருபக்கம் ஒலிபெருக்கியில் தொண்டை கிழியக் கத்தும் அறிவிப்பாளர், மேலே ஆளுயரப் பட்டங்கள், கீழே மாங்காய் அச்சாறும் ஐஸ்பழமும். பெண்கள் நாங்கள் பாய் விரித்து உட்கார்ந்து பார்ப்போம். அதுதான் எங்களுடைய விளையாட்டு, பார்ப்பது. கொஞ்சம் துணிந்தவர்கள் கணுக்கால் நனைத்துவிட்டு ஓடிவருவார்கள். அதற்கே நாலு பேர் நாலு விதமாகக் கதைப்பார்கள். சாச்சி அந்தப் பாயில்கூடக் கடலுக்கு முதுகு காட்டி, விளையாட்டுத் திடலைப் பார்த்தபடிதான் உட்கார்வார். கேட்டால், "நான் தைச்ச ஜேர்சி எப்பிடி ஓடுதெண்டு பாக்கத்தானே வந்த!" என்பார்.

கல்முனையில் சாச்சிக்குத் தையல் கடை இருந்தது. அந்த நாளில் கரையோரத்துக் கழகங்கள் முக்கால்வாசியும் அவரிடம்தான் ஜேர்சி தைத்தன. கத்தரிக்கோல் மாதிரி வாய். அளவெடுக்க வந்தவன் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றால், "மூச்ச வுடு மனே, பந்துக்குப் பின்னால ஓடக்குள்ள இப்பிடி எக்கிக்கிட்டா ஓடப் போறாய்?" என்று கடையே சிரிக்கக் கேட்பார். அப்படிப்பட்டவருக்கு ஒரே மகள். சுனாமி அன்று அவளுக்கு ஒன்பது வயது. அவளைப் பற்றிச் சாச்சி அதிகம் கதைத்ததில்லை. ஒரே ஒரு தரம், பொத்தான் தைத்துக்கொண்டிருந்தபோது, தலை நிமிராமல் உம்மாவிடம் சொன்னார்: "நீந்தத் தெரிஞ்சிருந்தாலும் அண்டைக்கு உதவியிரிக்காதுதான் ராத்தா. ஆனா கடலுக்குப் பக்கத்துல பொறந்து வளந்து, தண்ணியில கை போடவும் தெரியாமப் போனாளே. அதுதான் எனக்கு ஆறுதில்ல."

எனக்குப் பதின்மூன்று வயதாக இருந்த ஓகஸ்டில் சாச்சி பள்ளிவாசல் நிருவாகத்தின் முன்னால் போய் நின்றார். பெண்பிள்ளைகளுக்கு ஒரு கிழமை, ஏழு நாளும் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு வெயில் ஏறும்வரை, கடலில் நீச்சல் பழக்க வேண்டும். பழக்குவதற்குத் திருக்கோவில் ஊரில் ஒரு ரீச்சர் இருக்கிறார், மீன்பிடிக் குடும்பத்துப் பெண், முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். அனுமதி தாருங்கள். இவ்வளவுதான் கேட்டார். நிருவாகத் தலைவர் ஹாஜியார் நல்ல மனிதர், ஆனால் பயந்த மனிதர். "ஆழம் தெரியாமக் காலை வுடப்படாது புள்ள" என்றார். "அதான் ஹாஜியார், ஆழத்தத் தெரிஞ்சிக்கிட்டு வுடுவமெண்டு பாக்கம்" என்றார் சாச்சி. கடைசியில் ஹாஜியார் ஒரு நிபந்தனை போட்டார். கரையில் மறைப்புக் கட்ட வேண்டும். மறைப்பு ஒருநாள் விழுந்தாலும் அத்தோடு முடிவு, இந்த வருஷம் மட்டுமல்ல, இனி எப்போதும் கேட்டு வரக்கூடாது. சாச்சி ஓம் சொல்லிவிட்டு நேரே மருதமுனைக்குப் போய், நெசவில் பிழை விழுந்த சாரன் துணிகளை அள்ளிக்கொண்டு வந்தார்.

முதல்நாள் கூத்தைச் சொல்லாமல் விட முடியாது. சல்வாரும் நீளச் சட்டையும் தலையில் சுற்றிய சோலுமாக இருபத்து மூன்று பேர் தண்ணீரில் இறங்கினோம். இறங்கியதுதான் தாமதம், உடுப்புக்குள் காற்றுப் புகுந்து ஆளுக்கொரு பலூனாக ஊதிவிட்டோம். காலை மேலே தூக்கினால் தலை கீழே போகிறது, தலையைத் தூக்கினால் சட்டை முகத்தில் ஏறுகிறது. ரீச்சர் சிரித்துச் சிரித்து உப்புத்தண்ணீர் குடித்தார். அன்று பின்னேரமே சாச்சி கழகங்களுக்குத் தைத்து மிஞ்சிய ஜேர்சித் துணிகளை எடுத்து, உடம்போடு நிற்கிற மாதிரி, கை கால் தலை எல்லாம் மூடிய நீச்சல் உடுப்புத் தைக்கத் தொடங்கினார். மறுநாள் நாங்கள் கடலில் இறங்கியபோது பாதிப் பேர் ஒரு கழகத்தின் சிவப்பு, மீதிப் பேர் அதன் பரம வைரிக் கழகத்தின் மஞ்சள். மறைப்புக்குக் கம்பு நட்டவர்களும் அந்தக் கழகப் பொடியன்மார்தான். "கம்பு நடாத கழகத்துக்கு ஜேர்சி இல்ல" என்று சாச்சி சொல்லியிருந்தார். சுற்றுப்போட்டி தொடங்க ஒரு கிழமைதான் இருந்தது. யார் மறுப்பார்கள்!

எங்களுக்குப் பக்கத்தில்தான் கரைவலை இழுக்கும் இடம். தோணியில் போய்க் கடலில் வளைத்துப் போட்ட வலையின் இரண்டு கயிற்றையும் கரையில் நின்று நாற்பது பேர் இழுப்பார்கள். கடலைப் பார்த்தபடி, ஒவ்வோரடியாகப் பின்னால் வைத்துத்தான் இழுக்க வேண்டும், வலை எப்படி வருகிறதென்று கண் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர்களின் தலைவரைத் தண்டயல் என்போம். கறுத்துப் பெருத்த மனிதர். அவர் சீலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "புள்ள, காத்துக்குக் கொஞ்சம் வழி வுடுங்க. மேக்கால கச்சான் எழும்பினா இது பாய்மரம்" என்றார். சாச்சிக்கு வந்ததே கோபம். "ஓட்ட வெச்சா மறைப்பு என்னத்துக்கு? நீங்க வலையப் பாருங்க காக்கா, நான் தையலப் பாக்கன்." அண்ணன் முறைக்குக் காக்கா என்று மரியாதை வைத்துத்தான் ஏசினார். தண்டயல் தன் கயிற்றுக்குப் போய்விட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பதில் எங்கள் குடும்பத்தில் யாரும் குறைந்தவர்களில்லை.

ஐந்தாம் நாள் காலை. "கடலோட மல்லுக்கட்டாதீங்க, உடம்பத் தளர வுடுங்க, அது உங்களத் தாங்கும்" என்று ரீச்சர் நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது. மல்லாந்து படுத்தேன். மிதந்தேன்! காது இரண்டும் தண்ணீருக்குள், ஒரு சத்தமில்லை, கண்ணுக்கு முன்னால் வானம் மட்டும். சுப்ஹானல்லாஹ், இந்தச் சுகத்தையா இத்தனை வருஷம் பொடியன்மார் தனியாக அனுபவித்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, அந்த வானத்தில் ஊதாவும் பச்சையுமாக எங்கள் மறைப்புச் சீலை, கம்புகளோடு, கிழக்கே பறந்து போயிற்று.

பதறி எழுந்து நின்றேன். நெஞ்சளவு தண்ணீர். பத்து மணிக்கு எழும்ப வேண்டிய கச்சான் காற்று அன்று முன்னதாகவே எழும்பிவிட்டது. கரை மொட்டையாகக் கிடந்தது. அங்கே நாற்பது ஆண்கள் கயிறும் கையுமாக, கடலைப் பார்த்தபடி, எங்களைப் பார்த்தபடி. சின்னப்பிள்ளைகள் அழத் தொடங்கினார்கள். வளர்ந்தவர்கள் கழுத்தளவு தண்ணீருக்குள் குந்தினோம். சாச்சி கரையில், எங்களுக்கு முதுகு காட்டி நின்று, இரண்டு கையையும் விரித்தார். நாலடி பத்தங்குல மனுஷி, தன் ஒற்றை உடம்பால் இருபத்து மூன்று பேரை மறைக்கப் பார்த்தார்.

"கிறுகுங்கடா!" என்று தண்டயல் கத்தினார். எங்கள் பக்கத்தில் திரும்புவதைக் கிறுகுவது என்போம். வலையோ பாதியில் நிற்கிறது. கயிற்றை விட்டால் மீனும் போய்விடும், வலையும் இழுபட்டுப் போய்விடும். நாற்பது பேரும் கயிற்றை விடாமல் அப்படியே கிறுகினார்கள். கயிற்றைத் தோளில் போட்டு, முகத்தைத் தென்னந்தோப்புப் பக்கம் வைத்து, வண்டி இழுக்கிற மாடுகள் போல முன்னால் குனிந்து இழுத்தார்கள். வலை எப்படி வருகிறதென்று ஒருவருக்கும் தெரியாது. ஒருவரும் பார்க்கவில்லை. நாங்கள் ஒவ்வொருவராகக் கரையேறி, கறுப்பு அபாயாக்களைப் போட்டுக்கொண்டு பாதைக்கு ஏறும்வரை எங்களுக்குத் தெரிந்தது வியர்வை வழியும் முதுகுகள் மட்டும். கடைசியாக வலை கரைக்கு வந்தபோது, துள்ளுகிற மீனுக்கு நடுவில், செதிலும் நெத்தலியும் ஒட்டி, சுருண்டு கிடந்தது எங்கள் சீலை.

அன்று அஸருக்குப் பிறகு நிருவாகம் கூடியது. சாச்சியோடு நானும் போய் வாசலில் நின்றேன். ஹாஜியார் தலையைக் குனிந்துகொண்டே, "சென்ன சொல்லு சொல்லுதான் புள்ள. மறைப்பு விழுந்தா முடிவெண்டு நீங்களும் ஒத்துக்கிட்ட" என்றார். பிழை தன்னுடையது என்று சாச்சிக்குத் தெரியும். அந்த ஒரு துவாரத்தை வெட்டாமல் விட்ட வீம்புக்கு எத்தனை பிள்ளைகளின் கடல் போகப் போகிறதென்றும் தெரியும். அப்போது கூட்டத்தின் பின்வரிசையில் இருந்த தண்டயல் எழும்பினார். சட்டையில் இன்னும் உப்புக் காய்ந்திருந்தது.

"ஹாஜியார், சீலை பறந்திச்சி. மறைப்பு எங்க விழுந்திச்சி? நாப்பது ஆம்புளட முதுகு நிண்டிச்சே. என்ட வயசுக்குக் கரவலய இப்பிடிக் கடலுக்கு முதுகு காட்டி இழுத்தது இண்டைக்குத்தான். ஒருத்தன் கிறுகிப் பாத்தானெண்டு யாராவது செல்லட்டும், நான் நாளையோட தோணிய வித்திட்டுப் போறன்."

ஹாஜியார் மற்றவர்களைப் பார்த்தார். பிறகு தண்டயலைப் பார்த்தார். "நாளைக்கும் கிறுகுவீங்களா?"

"ஓம்."

"அடுத்த வருசம்?"

"நான் மௌத்தாப் போனா என்ட மகன் கிறுகுவான்."

ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அப்ப மறைப்பு விழல்லதான்" என்றார்.

வெளியே வந்ததும் சாச்சி தண்டயலைக் கூப்பிட்டார். "காக்கா, எவ்வளவு பெரிய ஓட்ட வெட்ட வேணும்?" தன் பிழையை ஒத்துக்கொள்ள அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது. மஃரிப் தொழுகை முடிந்ததும் ஈரச் சீலையை வீட்டுக் கூடத்தில் விரித்து, மீன் செதிலைத் தட்டித் தட்டி, பிறை பிறையாக வெட்டினார். வெட்டிய ஓரம் பிரியாமல் ஒவ்வொன்றுக்கும் மடிப்புத் தைத்தார். அதற்குப் பிறகு எந்தக் கச்சானுக்கும் அந்தச் சீலை பறந்ததில்லை.

தண்டயல் மௌத்தாகிப் பல வருஷங்கள். அல்லாஹ் அவருக்கு நல்ல இடம் கொடுப்பான். இப்போது வலையை இழுப்பது நாற்பது பேரல்ல, ஓர் உழவு இயந்திரம். அதன் பின்பக்கம் கடலுக்கும் முன்பக்கம் ஊருக்குமாக நிறுத்தி, பின்னால் பூட்டிய உருளையில் கயிற்றைச் சுற்றுகிறார்கள். ஓட்டுவது தண்டயலின் பேரன். இந்த ஓகஸ்டிலும் எங்கள் காலைகள் நடந்தன. பழக்குவது இப்போது நான். என் மகளுக்கு இந்த வருஷம் ஒன்பது வயது. சாச்சி அறுபது தாண்டியும் தன் இடத்தை விடவில்லை. உதைபந்தாட்ட மத்தியஸ்தருடைய விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வழக்கம்போலக் கடலுக்கு முதுகு காட்டிக் காவல் நின்றார். மறைப்புக் கம்பொன்று சரிந்திருந்ததால் நானும் பக்கத்தில் நின்று அதை அழுத்திக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் தண்ணீரில் இறங்கியதும் உழவு இயந்திரத்தில் இருந்த பேரன் எங்களைத் திரும்பிப் பார்க்காமலே தன் தொப்பியைக் கழற்றி, பக்கக் கண்ணாடியில் கவிழ்த்து மாட்டினான். அவன் முகம் ஊருக்குத்தான். ஆனால் அந்தக் கண்ணாடியில் கடல் தெரியும்.

"பாத்தீங்களா சாச்சி," என்றேன், "கண்ணாடியையும் கிறுக வெச்சிட்டான்."

சாச்சி முதலில் சிரித்தார். பிறகு தொப்பி மாட்டிய அந்தக் கண்ணாடியையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப எனக்கு இஞ்ச என்ன காவல்?" என்று விசிலைக் கழற்றி என் கையில் தந்தார். தந்துவிட்டு, மெல்லக் கிறுகினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை ஓகஸ்டில் நாங்கள் நீந்துவதை இந்த மனுஷி ஒருநாளும் பார்த்ததில்லை. காவல் என்று நாங்கள் நினைத்திருந்தோம். சுனாமிக்குப் பிறகு கடலின் முகத்தைப் பார்க்க அவரால் ஏலாமல் இருந்திருக்கிறது. பார்க்கவே ஏலாத கடலில் ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் நீந்த விட்டிருக்கிறார். என் சாச்சி! நான் கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். காற்று எழும்பியது. சீலையின் பிறைகள் திறந்து திறந்து மூடின, பழைய மீன் மணம் வந்தது. தூரத்து மிதப்பைத் தொட்டுவிட்டு என் மகள் சிவப்பு உடுப்பில் கரையை நோக்கி நீந்தி வந்துகொண்டிருந்தாள். ஒரு கை, மறு கை, ஒரு கை, மறு கை. சாச்சி கண்ணை எடுக்காமல் அவளையே பார்த்தார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை.

அவள் கால் ஊன்றிக் கரையில் நிமிர்ந்ததும் சாச்சி சொன்னார்:

"கைக் கமுக்கட்டுக்குள்ள தையல் வுட்டிரிக்கி மகள். வீட்ட போனதும் கழட்டித் தாங்க, நாளைக்கும் நீந்த வேணுமே."