தேசிக்காய் எண்ணிய காலை

2023 ஒக்டோபர் 20, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது ஐம்பது. கண்டியில் தூறல். தீபாவளி வியாபாரத்துக்காகத் திறக்கப்படவிருந்த ஒரு புதிய துணிக்கடையின் வாசலில், வலது கையில் குடையும் இடது கையில் தேசிக்காயுமாக, அதாவது எலுமிச்சங்காயுமாக, குந்தியிருந்தேன். எழுபத்தொரு வயது நீரிழிவுக்காரன் நனைந்த நடைபாதையில் குந்துவது புத்தியுள்ள காரியமல்ல. நானாவால் வந்த வினை அது.

நானா எங்கள் வாரப் பத்திரிகையின் படப்பிடிப்பாளர். என்னைவிட இருபத்தாறு வயது இளையவர். எங்கள் ஊர் முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள்; ஊரே அவரை அப்படி அழைத்ததால் நானும் அழைத்தேன். நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். படத்தில் இருப்பவர்களை எண்ணி, பெயர் கேட்டு, இடமிருந்து வலமாகப் படத்தின் கீழே எழுதிக் கொடுப்பது என் வேலை. தலைகளும் பெயர்களும் ஒத்துவராவிட்டால் அன்றிரவு எனக்கு உறக்கம் வராது.

அந்த வாரம் திங்களன்று குண்டசாலையில் பாடசாலை விளையாட்டுப் போட்டி. செவ்வாயன்று பிலிமத்தலாவையில் மழைக்கு இடிந்த மதில். புதனன்று ஹுன்னஸ்கிரியத் தோட்டக் கோயிலில் நவராத்திரிப் பூசை. வியாழனன்று, நான்கடி மரவள்ளிக்கிழங்கு விளைந்திருப்பதாக அழைத்த ஒருவரின் வீடு. அளந்து பார்த்தேன், மூன்றேகால் அடிதான். நான்கு நாளும் தடுமன் பிடிக்குமோ என்ற பயத்தோடு நானாவின் மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்தேன். இடிந்த மதிலுக்கு முன்னால் ஒரு நாய் படுத்திருந்தது. விரட்டிவிட்டு எடுக்கச் சொன்னார் வீட்டுக்காரர். "அது எனக்கு முந்தி வந்திரிச்சி," என்று நாயோடு சேர்த்தே எடுத்தார் நானா. பத்திரிகை ஆசிரியர் ஏசினார். நானா பொறுமையாகக் கேட்டார், மாறவில்லை. படத்துக்காக எந்த உயிரையும் இருக்கிற இடத்திலிருந்து எழுப்புவதில்லை என்பது அவருடைய சட்டம்.

வெள்ளியன்று அந்தச் சட்டத்துக்குச் சோதனை வந்தது. துணிக்கடை எங்களுக்கு முழுப்பக்க விளம்பரம் தருவதாக இருந்தது. நாடா கட்டிய வாசலுக்கு நேர் முன்னால், நடைபாதையில் சாக்கு விரித்து, ஒரு அம்மா தேசிக்காய் விற்றுக்கொண்டிருந்தார். ஹுன்னஸ்கிரியப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர். பதினொரு வருடமாக அவர் பிழைப்பு அந்த இடத்தில்தான்.

கழுத்துப்பட்டி கட்டிய இளம் மெனேஜர் குனிந்தார். "அம்மா, அரை மணித்தியாலம் எழும்புங்க. படம் எடுத்தவுடனே வந்து இருங்க."

பக்கத்தில் தள்ளுவண்டியில் மூன்று பெரிய பூச்சட்டிகள் காத்திருந்தன. அந்த அம்மாவும் அவற்றைப் பார்த்துவிட்டார். "நா எழும்புனா அது குந்திக்கும் தம்பி. அப்புறம் அது எழும்பாது."

மெனேஜர் நானாவைப் பார்த்தார். "நீங்களாவது சொல்லுங்க நானா."

"நான் என்னத்த சொல்ல? அவங்கள எழுப்பினா என்ட கெமரா வேல செய்யாது."

சாக்கைத் தூக்கும்படி மெனேஜர் இரண்டு ஊழியர்களுக்குக் கண் காட்டினார். அப்போதுதான் நானா என் பக்கம் திரும்பினார். "சேர், உங்களுக்குத் தேசிக்காய் தேவைன்னு சொன்னீங்களே?"

நான் சொல்லவேயில்லை. ஆனால் புரிந்தது. வாங்கிக்கொண்டிருக்கும் கிழவனை, விருந்தினர் பார்த்திருக்க, யார் தள்ளுவார்கள்? குந்தினேன்.

"நூறு ரூவாக்கு ஆறுங்கய்யா."

ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து எண்ணத் தொடங்கினேன். முப்பத்தேழில் மெனேஜர், "சேர், உள்ளே தேத்தண்ணி இருக்கு," என்றார். "பேசிக் கணக்கைக் குழப்பிட்டீங்களே தம்பி!" என்று மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். என் வாழ்நாளில் வேண்டுமென்றே தப்பவிட்ட ஒரே கணக்கு அது. அந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பில் குலுங்கினார்.

"முழுக்க வாங்கிராதீங்க சேர்," என்று பின்னாலிருந்து நானா முணுமுணுத்தார். "காய் முடிஞ்சா எழும்பச் சொல்லிருவாங்க."

திறப்புக்குக் குறித்த சுபநேரம் பத்து பன்னிரண்டோடு முடியவிருந்தது. பத்து பத்துக்குப் பிரதம விருந்தினர் பொறுமை இழந்து, எங்கள் தலைகளுக்கு மேலேயே நாடாவை வெட்டினார். நானா முழங்காலிட்டு எடுத்தார். கத்தரிக்கோல் அந்த அம்மாவின் தலைக்கு நேர் மேலே இருந்தது. படத்திலிருந்து அவரை வெட்டினால் நாடாவும் போய்விடும். வேறு படம் இல்லாததால் பத்திரிகை ஆசிரியர் அதையே அச்சிட்டார். கீழே நான் எழுதியிருந்தேன்: நிற்பவர்கள் எழுவரின் பெயர்கள். அமர்ந்திருப்பவர்கள், அந்த அம்மாவின் முழுப்பெயர், தேசிக்காய் வியாபாரி; மற்றவர் அவருடைய வாடிக்கையாளர்.

விளம்பரப் பணம் வரவில்லை. பத்திரிகையில் எங்கள் இருவரையும் இனி வரவேண்டாம் என்றார்கள். "படம் நல்லா வந்திரிச்சி சேர்," என்றார் நானா, அவ்வளவுதான். இப்போது அவர் கலியாண வீடுகளில் படம் எடுக்கிறார். அங்கேயும் ஒருவரையும் எழுப்புவதில்லையாம்; மாப்பிள்ளைக்குப் பின்னால் எப்போதும் யாராவது சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்களாம்.

போன வாரம் அந்த வாசலுக்குப் போனேன். பூச்சட்டிகள் படியோரம் ஒதுங்கியிருந்தன. அந்த அம்மா அதே இடத்தில். "என்னங்கய்யா, இன்னைக்கு எண்ணலயா?" என்று சிரித்தார். அந்தக் காலை மறுபடி வந்தாலும் குந்துவேன், முப்பத்தேழில் தப்பவிடுவேன்.

அன்று வாங்கிய நாற்பத்திரண்டு தேசிக்காய்க்கு எழுநூறு. பத்திரிகையிலிருந்து எனக்குக் கிடைக்காமல் போன அந்த மாதக் கொடுப்பனவு ஆறாயிரம். எனக்கு ஆன மொத்தச் செலவு ஆறாயிரத்து எழுநூறு ரூபாய்.