கொடிக்கம்பம் போட்ட ஓட்டைகள்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று வண்ணார்பேட்டைப் பக்கம் எவன் வீட்டு பைபர் கதவைத் தட்டினாலும் அது என் பட்டறையில் செய்ததாகத்தான் இருக்கும். அப்படிப்பட்டவனுடைய படகை உடைத்துப் போடலாம் என்று என் மைத்துனன் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்?

புன்னைக்காயலில் நிற்கும் அந்தப் பழைய பைபர் படகு என் சம்பாத்தியத்தில் வாங்கிய முதல் சொத்து. மைத்துனன்தான் அதைக் கடலுக்குக் கொண்டுபோகிறவன். மீன் பெட்டியோடு படகின் முன்பக்கத் தளமான முன்தட்டில் நடந்தவனுக்கு, தட்டு உடைந்து முழங்கால்வரை கால் உள்ளே போய்விட்டது. போனில் கூப்பிட்டான்.

"அத்தான், படகு செத்துப்போச்சு. உடைச்சுப் போட்டுட்டு வேற பாப்போம்."

"ஏலே, அது செத்துச்சா, நீ கொன்னியா? நான் வாரேன். அதுவரைக்கும் ஒருத்தனும் கை வைக்கப்படாது."

போய், சுத்தியலால் தட்டைத் தட்டிப் பார்த்தேன். நல்ல இடம் 'டங்' என்றது. கால் போன இடத்தைச் சுற்றி 'பொத் பொத்'. மேலே ஒரு பைபர் தகடு, கீழே ஒரு தகடு, நடுவில் ஒட்டுப்பலகை, இதுதான் தட்டு. தகடுகளுக்கு ஒன்றுமில்லை. நடுவில் இருந்த பலகைதான் ஊறின புண்ணாக்காகக் கிடந்தது. தண்ணீர் போன வழியும் தெரிந்தது. மாதா கோயில் திருவிழாவுக்கு வருஷாவருஷம் கொடிக்கம்பத்தைத் தட்டில் ஸ்குரூ வைத்து முடுக்கிவிட்டு, பிறகு கழற்றி, ஓட்டையில் சோப்பை அடைத்துப் பெயிண்ட் பூசியிருக்கிறான். அடுத்த வருஷம் பக்கத்தில் புது ஓட்டை!

"பழைய ஓட்டையில புதுக்கொடி ஏத்தக்கூடாதுன்னு பெரியவுக சொல்லிருக்காக அத்தான்."

"எந்தப் பெரியவன்லே?"

"உங்க மாமனாருதான்."

"அவரு ஓட்டுனது மரவள்ளம். தண்ணி பட்டா மரம் ஊறித் தானா இறுகிக்கிடும். இதுல உள்ள போன தண்ணிக்கு வெளிய வர வழி ஏதுலே?"

"சரி, மேலயே ரெண்டு பைபர் துணி ஒட்டிப் பெயிண்ட் அடிங்க. ஒருத்தனுக்கும் தெரியாது."

"ஆமா, அடுத்தாப்ல நீ இடுப்புவரைக்கும் உள்ள போவும்போது தெரியும்!"

மேல்தகட்டை மூடி மாதிரி அறுத்து எடுத்தேன். அழுகினதைச் சுரண்டி வெயிலில் காயவிட்டேன். "இன்னுமா காயலை?" என்று நச்சரித்தான். ஈரத்தின் மேல் ஒட்டினால் மறுபடியும் அழுகும் என்று எத்தனை தடவை கத்துவது? காய்ந்த பிறகு, புதுப்பலகையின் ஓரமெல்லாம் ரெசின் என்கிற இறுகும் பசையைக் குடிக்கவிட்டுப் பதித்தேன். மூடியை ஒட்டி, அறுத்த மூட்டின் மேல் பைபர் துணி வைத்து ரெசின் பூசினேன். தட்டினேன். டங்!

திருவிழா வந்தது. துளைபோடும் மிஷினோடு வந்து நின்றான் பாவி.

"கொடி இல்லாத படகுல ஒரு ஆளும் ஏறமாட்டான் அத்தான். பொறவு படகு கரையிலதான் கெடக்கும்."

கரையில் கிடக்கவா இவ்வளவு பாடுபட்டேன்? மிஷினைப் பிடுங்கினேன். அடித்தகட்டைத் தொடாமல், ஸ்குரூ வருகிற இடங்களில் பலகையை அகலமாகக் குடைந்தேன். குழியில் ரெசினைக் கெட்டியாகக் குழைத்து நிரப்பினேன். அது கல்லாக இறுகின பிறகு, அதற்கு நடுவில் மட்டும் சின்னதாகத் துளை போட்டேன். இனி தண்ணீர் இறங்கினாலும் பலகையைத் தொடாது.

"அடுத்த வருஷம் இதை அடைச்சு, இதே இடத்துல புதுசா துளை போட்டுத் தாரேன். அப்ப அது புது ஓட்டைதான? உன் அப்பாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

கொடி ஏறியது. ஆட்களும் ஏறினார்கள். இவன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்துப் படகுக்காரரிடம் சொல்கிறான்: "நாந்தான் யோசன சொன்னேன் அண்ணாச்சி. அத்தான் கூடமாட நின்னாரு."

சுத்தியல் என் கையில்தான் இருந்தது. அவன் மண்டையை விட்டுவிட்டு, கம்பத்தடியில் ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். டங் என்றது. அப்போதும் அவன் வாய் மூடவில்லை.