திருகின் மேல் இருந்த கை

பஸ் டிப்போவில் பெரிய மெக்கானிக்கிடம் வாயைக் கொடுத்து மீண்டவர் கிடையாது. கோபம் மூக்கின் மேல் நிற்கும். அவர் டீ குடித்து முடித்தாரா என்று பார்த்துவிட்டுத்தான் மேனேஜரே பக்கத்தில் போவார். போருக்குப் போய்த் திரும்பியவர், அதில் தம்பியைப் பறிகொடுத்தவர் என்று எல்லோரும் பொறுத்துப் போனார்கள். தம்பியின் உடல்கூட வரவில்லை. உடலைப் பார்க்காததால் அம்மா இன்னும் அவனைச் செத்தவர் கணக்கில் சேர்க்கவில்லை.

புதிதாக வந்த வயர்மேன் எதிர்த்தரப்பில் சண்டை போட்டவர். போர் ஓய்ந்து வருஷங்கள் ஆகிவிட்டதால் யாரும் அதைக் கிளறுவதில்லை. ஆனாலும் மெக்கானிக் அவரிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. வேலையிலாவது குறை கண்டுபிடிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அந்த எரிச்சல் வேறு.

அன்று காலை ஒரு பஸ்ஸை ஜாக்கி வைத்துத் தூக்கியிருந்தார்கள். வயர்மேன் அவசரத்தில் கட்டை முட்டுக் கொடுக்காமலே கீழே நுழைந்துவிட்டார்.

"எந்த மடையன்யா இது? சாகணும்னு வேண்டுதலா?"

திட்டிக்கொண்டே குனிந்த மெக்கானிக்கின் கண்ணில், வயர்மேன் அப்போதுதான் கட்டி முடித்த கம்பி பட்டது. இடப்பக்கமாக முறுக்கி, நுனியை மடித்து உள்ளே செருகியிருந்தது.

தம்பி காலில் தட்டி வெடித்த கண்ணிவெடியை மறுநாள் பாலத்தடியில் போய்ப் பார்த்தவர் அவர். அதைக் கட்டிய முளையில் மிச்சமிருந்த கம்பியில் இதே கட்டு. வேறு யார் கையிலும் அதை அவர் கண்டதில்லை. கை தானாக ஜாக்கியின் திருகுக்குப் போனது. கொஞ்சம் தளர்த்தினால் போதும், பஸ் இறங்கிவிடும். முட்டுக் கொடுக்காதது அவன் தப்பு என்று ஊரே சொல்லும்.

"பாலத்தடியில கண்ணி கட்டினது நீதானா?"

கீழே ஸ்பேனர் சத்தம் நின்றது. திருகின் மேல் இருந்த கையை வயர்மேன் பார்த்துவிட்டார். ஆனால் நகரவில்லை.

"நான்தான்."

"செத்தது என் தம்பிடா!"

"புருவத்துல தழும்பு இருந்த பையனா?"

அந்தத் தழும்பு, சின்ன வயதில் மெக்கானிக் எறிந்த கல்லால் வந்தது.

"உடனே உசுரு போகலண்ணே. தண்ணி கேட்டான். மடியில சாய்ச்சுக் குடுத்தேன். அப்புறம் நானே குழி தோண்டிப் பொதச்சேன்."

"கொன்னுட்டு எதுக்குடா பொதச்ச?"

"அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் ஆத்துமேட்டுல என் தம்பி உங்க பக்கத்துல செத்து விழுந்தான். பொணம் வரல. இவனாவது மண்ணுக்குள்ள போகட்டும்னு தோணிச்சு. இடம் எனக்கு மட்டுந்தான் தெரியும்."

"உசுருக்குப் பயந்து கதை விடுறியா?"

"பயமாத்தான் இருக்கு. ஆனா கதை இல்லண்ணே."

விரல்கள் திருகிலேயே இருந்தன. கொன்றவனும் இவன்தான், கடைசித் தண்ணீர் கொடுத்தவனும் இவன்தான். மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு கையை எடுத்தார். கட்டையைக் காலால் இழுத்து முட்டுக் கொடுத்துவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். வயர்மேன் ஊர்ந்து வெளியே வந்து, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததையெல்லாம் சொல்லி அம்மாவையும் அழைத்துக்கொண்டு மூவருமாகப் போனார்கள். வயர்மேன் காட்டிய இடத்தில் அம்மா மண்ணைத் தடவித் தடவி அழுதாள். அடுத்து இந்த ஆளைச் சபிக்கப்போகிறாள் என்று மெக்கானிக் நினைத்தார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அவள் நிமிர்ந்தாள்.

"இங்க வாப்பா. உங்கம்மா இருக்காங்களா?"

"இருக்காங்கம்மா."

அம்மா மகன் பக்கம் திரும்பினாள்.

"ஆத்துமேட்டுல உங்க ஆளுங்கதானேடா இருந்தாங்க? இவன் தம்பிய எங்கடா போட்டீங்க?"

மெக்கானிக்குக்கு அது தெரியாது. அவரோடு சண்டை போட்டவர்களில் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர் இன்னும் உயிரோடு இருந்தார்கள்.

அம்மாவை வீட்டில் இறக்கிவிட்டதும் அவர்களில் ஒருவர் வீட்டுப் பக்கம் மெக்கானிக் வண்டியைத் திருப்பினார்.

"உங்க ஆளுங்க வீட்டு வாசல்ல என்னால வந்து நிக்க முடியாதுண்ணே," என்றார் வயர்மேன்.

"நான் நிக்கிறேன். நீ ஏறு."